எளிய மெட்டின் இலக்கணம்

எளிமை வேறு, வறுமை வேறு. ஒன்றும் இல்லாதது வறுமை. வேண்டாதவற்றை நீக்கி, வேண்டுவதை மட்டும் வைத்துக்கொள்வது எளிமை. வாழ்க்கையில் நமக்கு நன்கு விளங்கும் இந்த வேறுபாடு, இசை என்று வந்ததும் மறைந்துவிடுகிறது. "நான்கு சுரம்கூட இல்லாத பாட்டு" என்று இன்றைய ஆட்டப் பாட்டுகளை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. "கேட்டால் கால் தானே ஆடுகிறது, வேறென்ன வேண்டும்?" என்று வாதாடுவோரும் உண்டு. பொங்கல் விழா நெருங்கும்போதெல்லாம் நம் மன்றக் கூட்டத்தில் இவ்விரு கட்சிகளும் எழுவதைக் காண்கிறோம். மேடையில் எதைப் பாடுவது என்ற கேள்விக்குக் கடைசியில் கைகளை எண்ணி விடை காண்கிறோம். கைகளை எண்ணினால் முடிவு கிடைக்கும், விளக்கம் கிடைக்காது.

ஆகவே, எளிய மெட்டு எவ்வாறு அமைகிறது, அது ஏன் மனத்தைப் பிடிக்கிறது, எங்கே சிறக்கிறது, எங்கே தவறுகிறது என்பவற்றை முறையாக ஆராய்வோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கூறுமுன் அதை அளந்து பார்க்கிறோம் அல்லவா? பாட்டுக்கும் அந்த மரியாதையைத் தருவோம்.

அளக்கும் முறை

ஒரு மெட்டு எளியதா, அரியதா என்பதை நான்கு அளவைகளால் அறியலாம்.

முதலாவது எல்லை. மெட்டின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் உள்ள தொலைவு அது. பயிற்சி பெறாத குரல் ஏறத்தாழ ஒரு தாயியின் அளவில் இடர்ப்படாமல் உலவும். அதற்கு மேல் ஏறச் சொன்னால் கழுத்து நரம்பு புடைக்கும்; கீழே இறங்கச் சொன்னால் குரல் காற்றாகிவிடும். ஊரெல்லாம் பாட வேண்டிய பாட்டு இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும்.

இரண்டாவது சுரங்களின் எண்ணிக்கை. ஏழு சுரங்களும் வருகின்றனவா, ஐந்தா, மூன்றா?

மூன்றாவது அசைவு. ஒரு சுரத்திலிருந்து அடுத்திருக்கும் சுரத்துக்கு நடந்து செல்கிறதா, தொலைவிலுள்ள சுரத்துக்குத் தாவுகிறதா? நடை எல்லார்க்கும் எளிது. தாவலுக்குப் பயிற்சி வேண்டும். கமகங்களோ இன்னும் மிகுந்த பயிற்சி வேண்டுவன.

நான்காவது மீட்சி. ஒரே இசைத்தொடர் எத்தனை முறை திரும்பி வருகிறது? திரும்பி வரும்போது அப்படியே வருகிறதா, சிறிது மாறி வருகிறதா?

இந்நான்கினையும் கொண்டு அளந்தால், சபையில் நாம் கேட்கும் ஒரு வர்ணத்துக்கும் திருமண ஊர்வலத்தில் கேட்கும் குத்துப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். எது உயர்ந்தது என்ற தீர்ப்பு இவ்வளவைகளுள் எதிலும் இல்லை என்பதையும் கருத வேண்டும். வெப்பமானி வெப்பத்தைச் சொல்லும். நாள் நல்ல நாளா என்று சொல்லாது.

ஒரு சிறு சோதனை

எளிய மெட்டின் உள்ளமைப்பைக் காண, பிறர் பாட்டை எடுத்துக்கொள்ளாமல் நாமே இரண்டு அடிகள் கட்டிப் பார்ப்போம். நம் ஊர் மழைக்காலத்துக்கு ஏற்றாற்போல் இருக்கட்டும்.

தாதர் விட்டு ரயிலும் போச்சு
தாண்டிப் பார்த்தா மழையும் ஆச்சு

இலக்கிய நயம் கருதி எழுதியவை அல்ல இவை, சோதனைப் பொருள்கள். முதலடியின் சீர்களை அலகிட்டுப் பாருங்கள்: தேமா, தேமா, புளிமா, தேமா. இரண்டாம் அடியும் அவ்வாறே. ஒற்று நீக்கி எண்ணினால் இரண்டிலும் ஒன்பது ஒன்பது எழுத்துகள். முதலில் மோனை; முடிவில் இயைபு.

இப்பொழுது எழுத்துக்கு ஒரு சுரமாக மெட்டமைப்போம்.

முதலடி: க க க க ரி ரி க ரி ரி
இரண்டாம் அடி: க க க க ரி ரி க ரி ஸ

மொத்தம் மூன்றே சுரங்கள். அடிக்குள் ஒரு தாவல்கூட இல்லை. இரண்டு அடிகளும் முதல் எட்டுச் சுரங்களில் ஒன்றே, ஒன்பதாவதில்தான் வேறுபடுகின்றன. ஆயினும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். முதலடி ரிஷபத்தில் நிற்கும்போது, சொல்லி முடியாதவன் போல மனம் காத்திருக்கிறது. இரண்டாம் அடி சட்சத்தில் வந்து அமரும்போது வீடு சேர்ந்த நிறைவு உண்டாகிறது. ஒரு சுரத்தை மாற்றியதால் முதலடி வினாவாகவும் இரண்டாம் அடி விடையாகவும் ஆயின. எட்டு இடங்களில் மாறாமல் இருந்ததால்தான் ஒன்பதாவது இடத்து மாற்றம் காதில் விழுந்தது. எல்லா இடத்திலும் மாறியிருந்தால் எந்த மாற்றமும் தெரிந்திராது.

எளிய மெட்டின் முதல் விதி இதுவே: பெரும்பகுதியை நிலையாக வைத்து, சிறுபகுதியை மாற்று.

எண்ணும் மரபு

மேல்நாட்டு ஆட்டப் பாட்டு உலகில் இவ்விதியைத் தொழிலாகவே வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சுவீடன் நாட்டு மாக்ஸ் மார்ட்டின். 1998-இல் பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடி வெளிவந்த முதற்பாட்டு இவர் ஆக்கியது. ஓர் அடியில் எத்தனை அசையோ அத்தனையே அதற்கு இணையான அடியிலும் இருக்க வேண்டும். சொல்லின் பொருளுக்காக அந்தக் கணக்கை உடைக்கலாகாது என்பது அவர் முறை. அதை 'மெட்டின் கணிதம்' என்று அத்துறையினர் வழங்குகின்றனர்.

இதைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. கட்டளைக் கலித்துறையை நினைத்துப் பாருங்கள். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்பது அதன் கட்டளை. அபிராமி அந்தாதி அந்த யாப்பில் அமைந்தது. பொருள் முழுவதும் விளங்காத சிறுவரும் அதை மனப்பாடமாகச் சொல்வதற்கு அக்கணக்கும் ஒரு காரணம். 'நாங்களே முன்னர்க் கண்டோம்' என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. எண்ணி அமைத்த சொல் நாவில் எளிதில் நிற்கும் என்பதை இரு நாட்டாரும் தத்தம் வழியில் அறிந்திருக்கின்றனர் என்பதே கருத்து.

கருநாடக இசையிலும் எளிமைக்கு மதிப்பான இடம் உண்டு. சரளி வரிசையும் அலங்காரமும் முடித்த பிள்ளைக்கு முதலில் எதைக் கற்பிக்கிறார்கள்? மலகரி இராகத்துக் கீதத்தை. ஏறும்போது ஐந்து சுரம், இறங்கும்போது ஆறு சுரம். பெரும்பாலும் எழுத்துக்கொரு சுரம். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வாத்திய இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழிச் சொல் அமைத்து நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். கமகச் செறிவில்லாத நேரான மெட்டுகள் அவை. அரிய பெரிய கிருதிகளை ஆக்கிய அம்மேதை எளிய மெட்டைத் தொட நாணவில்லை.

தமிழ்ப் பாட்டுக்கு வந்தால், சிந்து என்னும் வடிவமே நமக்குச் சான்று. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19-ஆம் நூற்றாண்டில் பாடிய காவடிச் சிந்து, மலையேறுவோர் கால்வைப்புக்கு ஏற்ப நடக்கிறது. பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் நொண்டிச் சிந்தைக் கையாண்டார். 1912-இல் வெளிவந்த அந்நூலின் முன்னுரையில், சொல்லும் நடையும் மெட்டும் பொதுமக்களுக்கு எளியனவாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். எளிமையை இழிவாகக் கருதியிருந்தால் அவர் அவ்வடிவத்தை நாடியிருக்க மாட்டார்.

மனத்தில் நிற்பது ஏன்?

எளிய மெட்டு மனத்தில் ஒட்டிக்கொள்வதற்கு உளநூலார் தரும் காரணங்கள் சில உள.

மனிதன் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடிய செய்திகள் ஏறத்தாழ ஏழு என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். அதனினும் குறைவே என்று பின்வந்தோர் கூறினர். எப்படியாயினும் அந்தச் சுமைகூடை சிறியது. அதில் அடங்கும் இசைத்தொடர் முதன்முறை கேட்கும்போதே பதிகிறது.

பழகிய பொருளிடத்து விருப்பம் வளர்கிறது என்பதை ராபர்ட் சயோன்க் 1968-இல் சோதனைகளால் காட்டினார். மீண்டும் மீண்டும் வரும் தொடர், ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே நமக்குப் பழகிய தொடராகிவிடுகிறது.

எலிசபெத் மார்குலிஸ் என்னும் ஆய்வாளர் ஒரு நல்ல சோதனை செய்தார். மீட்சியை வேண்டுமென்றே தவிர்த்த புதுமுறை இசைப் பகுதிகளை எடுத்து, சில துண்டுகளை வெட்டி ஒட்டித் திரும்ப வருமாறு செய்து கேட்பித்தார். கேட்டவர்கள் மூலத்தைவிட ஒட்டியதையே மிகுதியும் விரும்பினர்.

இவற்றினும் வியப்பானது டயானா டாய்ச் 1995-இல் கண்ட செய்தி. சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை ஒலிப்பதிவில் பலமுறை திருப்பிக் கேட்டால், அது பேச்சாக இராமல் பாட்டாகவே கேட்கத் தொடங்குகிறது! சுரத்தில் ஒன்றும் மாறவில்லை. மீட்சியே பேச்சைப் பாட்டாக்கிற்று. நம் தெருவில் காய்கறி விற்பவர் கூவுவதும், சந்தையில் ஏலம் விடுபவர் அடுக்குவதும் இசைபோல் ஒலிப்பது ஏன் என்பது இதனால் விளங்குகிறது.

நீக்கியது எங்கே போயிற்று?

இனி ஆய்வின் நடுவிடத்துக்கு வருவோம். மெட்டு எளிமையானால் பாட்டு முழுவதும் எளிமையாகிவிட்டது என்று பொருளா?

அமெரிக்காவில் 1950 முதல் 2023 வரை ஆண்டுதோறும் முதல் ஐந்து இடங்களைப் பெற்ற பாட்டுகளின் மெட்டுகளை மேடலின் ஹாமில்டன், மார்க்கஸ் பியர்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். சுர அமைப்பும் தாள அமைப்பும் காலப்போக்கில் எளிமையாகி வந்திருக்கின்றன; 1975-ஐ ஒட்டியும் 2000-ஐ ஒட்டியும் பெருமாற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: ஒரு நொடியில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. அதாவது, மெட்டின் வளைவு குறைந்தது. சொல்லின் நெருக்கம் கூடிற்று. மெட்டில் குறைந்ததைக் கணினி தந்த புதுப்புது ஒலிகள் ஈடு செய்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதுகின்றனர்.

நம் பாட்டுகளில் இந்த ஈடு மூன்று இடங்களில் நிகழ்கிறது.

ஒன்று, தாளம். குத்துப்பாட்டு பெரும்பாலும் திசிர நடையில், ஆறாறாக எண்ணும்படி அமைவது. பறையும் தவிலும் உறுமியும் அந்த ஆறினை மூவிரண்டாகவும் இருமூன்றாகவும் மாற்றி மாற்றிப் பிரித்துக் காட்டும். கால் ஒரு கணக்கில் நிற்க, கை இன்னொரு கணக்கில் ஓடும். இவ்வளவு வேலை கீழே நடக்கும்போது மேலே மெட்டும் வளைந்து வளைந்து சென்றால் காது திணறும். 2008-இல் 'காதலில் விழுந்தேன்' படத்துக்காக விஜய் ஆண்டனி அமைத்த 'நாக்க முக்க' பாட்டை இவ்வளவையால் கேட்டுப் பாருங்கள். மெட்டு அங்கே தாளத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அது இயலாமை அன்று; பணிவு.

இரண்டு, குரலின் தன்மை. 2011 நவம்பரில் வெளிவந்து சில நாட்களுக்குள் உலகெங்கும் பரவிய 'கொலவெறி' பாட்டில், அனிருத் அமைத்த மெட்டு பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் உலவுகிறது. தனுஷ் தேர்ந்த பாடகரைப் போல அதைப் பாடவில்லை. தெரு முனையில் நண்பரிடம் புலம்புவது போலப் பாடினார். கேட்டவன் ஒவ்வொருவனும் 'இதை நானும் பாடலாம்' என்று எண்ணினான். அந்த எண்ணமே அப்பாட்டின் வெற்றி.

மூன்று, சொல். 2021-இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பல்லவியைச் சிறு குழந்தையும் ஒருமுறை கேட்டுப் பாடிவிடும். ஆனால் அந்த எளிய வாயிலைத் தாண்டி உள்ளே சென்றால், நிலமற்று உழைத்தவர்களின் வரலாறும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று மீண்ட முன்னோரின் துயரும், ஒப்பாரியின் குரலும் இருக்கின்றன. மெட்டு எளிதாக இருந்ததால் அந்தச் சொற்கள் வழியில் தடுக்கப்படாமல் நெஞ்சைச் சேர்ந்தன.

இதன் எல்லை ராப் இசை. அங்கே மெட்டு ஏறத்தாழ இல்லை என்னும் அளவுக்குச் சுருங்க, சொல்லின் அசையும் எதுகையும் தாளமுமே பாட்டாகின்றன. அதை அறிய நாம் அயல்நாடு போக வேண்டாம். தாராவிக்குப் போனால் போதும். அங்கு வளர்ந்த 'டோப்படெலிக்ஸ்' குழு இளைஞர்கள் தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பாடியவர்கள். பா. இரஞ்சித் இயக்கி 2018-இல் வெளிவந்த 'காலா' படத்தின் பாட்டுகளில் அவர்கள் பங்கு உண்டு. அவர்களுடைய அடிகளை அலகிட்டுப் பார்த்தால், எதுகையும் இயைபும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது தெரியும்.

எளிமை தவறும் இடம்

இவ்வளவும் கூறியதனால் எளிய மெட்டெல்லாம் நல்ல மெட்டு என்று முடிவு செய்துவிடலாகாது. மெட்டிலிருந்து எடுத்ததைத் தாளத்துக்கும் தராமல், குரலுக்கும் தராமல், சொல்லுக்கும் தராமல் விட்டால், அங்கே எளிமை இல்லை, வெறுமையே இருக்கிறது. பொருளில்லா ஒலிகளை அடுக்கினால் மட்டும் குறையாகாது. தாலாட்டிலும் குலவையிலும் பொருளில்லா ஒலிகள் உண்டு. அவை அன்பையும் மகிழ்வையும் சுமக்கின்றன. எதையும் சுமக்காத ஒலியே குறை. முன்னைய ஆண்டு வெற்றி பெற்ற பாட்டின் தாளத்தை எடுத்து, அதே இடத்தில் அதே நிறுத்தம் வைத்து, பெண்ணை இழித்துரைக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து ஆக்கிய பாட்டு நான்கு நாள் ஆடும், பின்னர் மறையும். அதை ஒதுக்குவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒதுக்கும் காரணம் 'சுரம் குறைவு' என்பதாக இருத்தல் கூடாது. 'சுமை இல்லை' என்பதாக இருத்தல் வேண்டும்.

மாதுங்காவும் தாராவியும்

இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு? மும்பையில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இதில் என்ன ஆக வேண்டியிருக்கிறது?

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே ஓர் இரயில் பாதையும் சில தெருக்களுமே உள்ளன. ஒரு பக்கம், 1952-இல் தோன்றிய சண்முகானந்தா சபையும் அதன் பேரரங்கும், பஜனை மரபும், காலையில் வீட்டுக்குள்ளிருந்து வரும் சரளி வரிசையும். செம்பூரிலும் அத்தகைய இசைப் பயிற்சி தழைத்திருக்கிறது. மற்றொரு பக்கம், தொண்ணூறடிச் சாலையில் வரிசை வரிசையாகப் பொங்கற்பானை ஏற்றும் மக்கள். அவர்களுள் பலர் நெல்லைச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள். அவர்கள் விழாவில் மேளமும் ஒலிபெருக்கியும் ஓயா. இரண்டும் தமிழர் இசைதான். ஆனால் ஒன்று 'சங்கீதம்' என்றும் மற்றது 'சத்தம்' என்றும் பெயர் பெற்றுவிட்டன.

வெளிப்படையாகவே பேசுவோம். பறையைத் தாழ்த்தியது அதன் ஒலி அன்று. அதை அடித்தவரைத் தாழ்த்திய சாதி. கானாவை இகழ்ந்தது அதன் மெட்டினால் அன்று. அதைப் பாடியவர் வாழ்ந்த தெருவினால். ஆகவே 'இது எளிய மெட்டு, ஆதலால் கீழானது' என்று நாம் சொல்லும்போது, இசையைப் பற்றித்தான் பேசுகிறோமா, பாடுபவரைப் பற்றிப் பேசுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மன்றத்தில் தாராவியில் வளர்ந்த நண்பர்கள் இருக்கிறார்கள். பாட்டுத் தேர்வு நடக்கும்போது அவர்களுள் சிலர் வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். சுரக் கணக்கு தெரியாமையால் அவர்கள் வாய் மூடவில்லை. தங்கள் பாட்டு அந்த அறையில் பாட்டாக மதிக்கப்படாது என்று அறிந்ததால் மூடினார்கள். இது நாம் திருத்திக்கொள்ள வேண்டிய குறை.

இன்னொன்றும் உண்டு. இந்நகரில் பிறந்து வளர்ந்த நம் தோழர்கள் பலர்க்குத் தமிழ் பேசத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் கற்றார்கள். தமிழ் செவிவழியே வந்தது. அவர்களுக்குத் திருக்குறளும் சிலம்பும் இனிமேல்தான் வர வேண்டும். ஆனால் ஆட்டப் பாட்டின் பல்லவி முன்னமே வந்துவிட்டது. எண்ணி அமைத்த எளிய அடிகள், எழுத்தின் துணை வேண்டாமலே நாவில் ஏறி நிற்கின்றன. அந்த வாயிலை அடைத்துவிட்டு, 'தமிழ் படியுங்கள்' என்று அறிவுரை கூறுவதில் பயன் இல்லை. அதே சமயம், வாயிலிலேயே நின்றுவிடுவதும் அறிவுடைமை ஆகாது. 'தேமா தேமா புளிமா தேமா' என்று அவர்கள் விரும்பும் பாட்டைக் கொண்டே அலகிடக் கற்பிக்கலாம். அங்கிருந்து சிந்துக்கும், சிந்திலிருந்து கலித்துறைக்கும் செல்லும் வழி நெடுந்தூரம் அன்று.

தேர்வுக்கு மூன்று வினாக்கள்

ஆதலின் நண்பர்களே, வரும் பொங்கல் விழாவுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும்போது கைகளை எண்ணுவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்புவோம். இம்மெட்டு விட்டுக்கொடுத்த இடத்தை நிரப்பியது எது? இதன் சொற்களைத் தாயும் தங்கையும் இருக்கும் அவையில் தலை நிமிர்ந்து பாட முடியுமா? மேடையில் நிற்பவர் மட்டுமன்றிக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து பாட இயலுமா?

இவ்வினாக்களுக்கு நல்ல விடை தரும் பாட்டு கீர்த்தனையாகவும் இருக்கலாம், குத்தாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மாலையில் ஒரே மேடையில் இடம் பெறட்டும். செவ்விசை பயின்ற தோழர் தாராவித் தோழரின் திசிர நடைக்குத் தாளமிட்டுப் பார்க்கட்டும். அது எவ்வளவு எளிதன்று என்பது அப்போது விளங்கும். தாராவித் தோழர் ஒரு கீதத்தைக் கற்றுப் பாடட்டும். அது எவ்வளவு அரிதன்று என்பதும் விளங்கும்.

ஒருவர் பாட மற்றவர் கேட்கும் இசையும் நமக்கு வேண்டும். எல்லாரும் கூடிப் பாடும் இசையும் வேண்டும். கூடிப் பாடுவதற்கு உரிய மெட்டு எளியதாகவே இருக்கும். அப்போதுதான் எல்லாக் குரலுக்கும் அதில் இடம் கிடைக்கும்.